டெர்மினல் வழியே பிராசஸர் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது: லினக்ஸ் கணினிகளுக்கு முழுமையான வழிகாட்டி

மார்ச் பிறந்துவிட்டால் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் டிடிபி கடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு லேப்டாப் ஃபேன் ஓயாமல் இரைகிறதென்றால் அந்த லேப்டாப்பில் பழுது இருக்க வேண்டும் என்பதில்லை. அதே லேப்டாப்பை மூணாறில் வைத்தால் சத்தமே இல்லாமல் ஓடும். ஃபேன் உள்ளே இழுப்பது அறையில் இருக்கும் காற்றைத்தான். அறைக்காற்று 15 டிகிரி கூடினால் பிராசஸரின் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

சூடு எல்லை மீறும்போது பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி. அங்கே போய் முட்டி, இறங்கி, மறுபடி ஏறி முட்டும் கணினி திக்கித் திக்கி ஓடும். அந்த எல்லைக்குப் போகவே விடாமல், முன்கூட்டியே நாமே ஒரு வேகத்தை நிர்ணயித்துவிட்டால் கணினி சீராக ஓடும். ஃபேன் அடங்கும். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரும் சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே வசதி இருக்கிறது.

கேரளத்தில் இதற்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பு, அரசுப் பள்ளிகளுக்கு உபுண்டு வழிவந்த லினக்ஸையே தருகிறது. சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் லேபிலும் அதுதான். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் உபுண்டுவை மனதில் வைத்து எழுதியது. டெபியன், மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ இதேதான். பள்ளிக் கணினியாக இருந்தால் லேப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை; எஸ், யு, டி, ஓ) கேட்கும் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கும்.

கட்டளைகளை வாசிக்கும் முறை

இந்த வழிகாட்டியில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், உச்சரிப்பின்படி கொடுத்திருக்கிறோம். ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடிப்பதற்கு இது தோதாக இருக்கும். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும். சாய்கோடு, ஹைஃபன், கீழ்க்கோடு, நட்சத்திரம், நெட்டைக்கோடு போன்ற குறிகள் இங்கே எப்படி இருக்கின்றனவோ அப்படியே வர வேண்டும். எழுத்து குழப்பக்கூடிய இடங்களில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லியிருக்கிறோம்.

கோப்புப் பெயர்களை முழுக்க அடிக்கத் தேவையில்லை. முதல் மூன்று நான்கு எழுத்தை அடித்து டேப் விசையை அழுத்தினால் மீதியை டெர்மினலே நிரப்பும். நிரப்பவில்லை என்றால் அடித்ததில் பிழை இருக்கிறது, அல்லது அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இல்லை. ஒரே மாதிரி தொடங்கும் பெயர்கள் பல இருந்தால் டேப்பை இரண்டு தடவை அழுத்துங்கள், எல்லாப் பெயரையும் காட்டும்.

பயம் வேண்டாம். ஆறாம் படிக்குப் போகும்வரை இங்கே மாற்றுகிற மதிப்புகள் எல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். ஆலை நிர்ணயித்த உச்சத்துக்கு மேலே இந்தக் கட்டளைகளால் வேகத்தை ஏற்றவும் முடியாது. குறைக்க மட்டுமே முடியும். குறைப்பதால் பிராசஸர் கெடாது.

ஏன் கொஞ்சம் குறைத்தாலே நிறையக் குளிர்கிறது

பிராசஸர் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு மட்டும் கூடுவதில்லை. மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து கூடுகிறது. வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டியிருக்கிறது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்டத்தான் மின்னழுத்தம் மிக அதிகமாகத் தேவை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வேகத்தை 30 சதவீதம் குறைக்கிறோம், அதனால் மின்னழுத்தம் 15 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 0.7 × 0.85 × 0.85 = 0.506. வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை, மின்சாரம் பாதியாகிவிட்டது. கணினிக்குக் கணினி எண்கள் மாறலாம், ஆனால் போக்கு எங்கும் இதுதான். டர்போ எனப்படும் உச்ச வேகம்தான் பெரிய சூட்டின் ஊற்றுக்கண். வெயில் ஊரில் முதலில் கை வைக்க வேண்டியதும் அதன்மேல்தான்.

சும்மா இருக்கும் கணினியில் இதனால் ஒன்றும் மிச்சமாகாது. வேலை இல்லாதபோது கோர்கள் (பிராசஸருக்குள் வேலை செய்யும் அலகுகள்) ஏற்கெனவே உறங்கிவிடுகின்றன. வேலை நடக்கும்போதுதான் பலன் தெரியும்.

முதல் படி: உங்கள் டிரைவர் எது?

டிரைவர் என்பது பிராசஸர் வேகத்தைக் கையாளும் கெர்னல் பகுதி. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரே சொல்லுக்கு டிரைவருக்கு டிரைவர் வேறு வேறு விளைவு. பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

டெர்மினலைத் திறக்க கன்ட்ரோல், ஆல்ட், டி ('டீக்கடை'யின் டி) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு:

சிடி /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு

'சிடி' என்பது சி, டி ('டெல்லி'யின் டி). 'சிஸ்' என்பது எஸ், ஒய், எஸ். 'சிபியு' என்பது சி, பி, யு. இனி வரும் எல்லாக் கட்டளையையும் இந்த ஃபோல்டருக்குள் இருந்தபடியே அடிக்கிறோம். டெர்மினலை மூடிவிட்டால் மறுபடி இந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.

கேட் சிபியு0/சிபியுஃப்ரெக்/ஸ்கேலிங்_டிரைவர்

'கேட்' என்பது சி, ஏ, டி ('டீக்கடை'யின் டி). 'சிபியுஃப்ரெக்' என்பது சி, பி, யு, எஃப், ஆர், இ, க்யூ. கடைசியில் க்யூ-வோடு நின்றுவிடும், அதற்குப் பின் எழுத்து கிடையாது. வரும் பதில் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

'இன்டெல்_பிஸ்டேட்' என்று வந்தால், பெரும்பாலும் 2015-க்குப் பின் வந்த, அதாவது ஆறாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர். வேகத்தைப் பெருமளவு பிராசஸரே முடிவு செய்யும். நாம் எல்லைகளையும் விருப்பத்தையும் மட்டும் சொல்கிறோம்.

'இன்டெல்_சிபியுஃப்ரெக்' என்று வந்தால், அதே டிரைவர் வேறு முறையில் ஓடுகிறது. இரண்டாம் தலைமுறை முதல் ஐந்தாம் தலைமுறை வரையிலான இன்டெல்லில், கெர்னல் 5.7-க்குப் பிறகு இதுவே இயல்பு. பழைய பள்ளி லேப்டாப்புகளில் இதைக் காண வாய்ப்பு அதிகம்.

'ஏசிபிஐ-சிபியுஃப்ரெக்' என்றால் இன்னும் பழைய இன்டெல், அல்லது ஏஎம்டி. இதில் வேகங்கள் படிக்கட்டாக இருக்கும், இடைப்பட்ட எண் கிடையாது.

'ஏஎம்டி-பிஸ்டேட்' அல்லது அதன் பின்னால் 'ஈபிபி' சேர்ந்து வந்தால் புதிய ரைசன். கெர்னல் 5.17 முதல் இந்த டிரைவர் இருக்கிறது.

அந்தக் கோப்பே இல்லை என்று சொன்னால், கணினி வர்ச்சுவல் மெஷினுக்குள் (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) ஓடுகிறது, அல்லது பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) வேக மாற்ற வசதி அணைந்திருக்கிறது. பயாஸுக்குள் போய் இன்டெல்லில் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியில் கூல் அண்ட் கொயட் என்ற பெயரைத் தேடி இயக்குங்கள். வர்ச்சுவல் மெஷின் என்றால் உள்ளிருந்து ஒன்றும் செய்ய இயலாது, வெளியே இருக்கும் கணினியில்தான் மாற்ற வேண்டும்.

மற்ற விவரங்களை ஒரே மூச்சில் பார்க்க:

க்ரெப் . சிபியு0/சிபியுஃப்ரெக்/ஸ்கேலிங்_*

'க்ரெப்' என்பது ஜி, ஆர், இ, பி. அதை அடுத்து இடைவெளி, ஒரு புள்ளி, மறுபடி இடைவெளி. இப்போதைய கவர்னர் (ஐந்தாம் படியில் விளக்கம்), கீழ் எல்லை, மேல் எல்லை எல்லாம் வரிசையாக வரும். இந்த வெளியீட்டை ஒரு தாளில் எழுதியோ போனில் படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப இது உதவும்.

எண்கள் எல்லாம் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 1800000 என்றால் 1.8 கிகாஹெர்ட்ஸ். 400000 என்றால் 400 மெகாஹெர்ட்ஸ்.

இரண்டாம் படி: மாற்றுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

அளக்காமல் மாற்றினால், குறைந்ததா கூடியதா என்று ஃபேன் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். மூன்று கருவிகள் போதும் ('ஏபிடி'யில் வருவது 'டீக்கடை'யின் டி):

சூடோ ஏபிடி இன்ஸ்டால் எல்எம்-சென்சார்ஸ் ஸ்ட்ரெஸ்-என்ஜி லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக்

ஒரு டெர்மினலில் வெப்பநிலையை ஓடவிடுங்கள்:

வாட்ச் -என் 2 சென்சார்ஸ்

இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். இன்டெல்லில் 'பேக்கேஜ்' என்று தொடங்கும் வரியையும், ஏஎம்டியில் 'டிசிடிஎல்' என்ற வரியையும் பாருங்கள்.

இன்னொரு டெர்மினலில் எல்லாக் கோர்களுக்கும் முழு வேலை கொடுங்கள்:

ஸ்ட்ரெஸ்-என்ஜி --சிபியு 0 --டைம்அவுட் 10எம்

இங்கே பூஜ்யம் என்றால் வேலையே இல்லை என்று பொருளல்ல, இருக்கும் கோர்கள் அனைத்தும் என்று பொருள். பத்து நிமிடம் ஓடும். ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதி) முழுக்கச் சூடேற ஐந்தாறு நிமிடமாவது ஆகும். அதற்கு முன் வரும் எண் ஏமாற்றும். அதேபோல, காலை எட்டு மணிக்கு அளந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இந்த ஊரில் மத்தியானம் இரண்டரை மணி வாசிப்புதான் கணக்கு.

மூன்றாவது டெர்மினலில்:

சூடோ டர்போஸ்டேட் --கொயட் --இன்டர்வல் 5

உண்மையான வேகம் தெரிய இதைவிட நல்ல கருவி கிடையாது. 'பிஇசட்ஒய்_மெகாஹெர்ட்ஸ்' என்ற நிரல், வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் மட்டும் கோர் என்ன வேகத்தில் ஓடியது என்று சொல்லும். 'பிகேஜிவாட்' நிரல் பிராசஸர் மட்டும் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். இந்த இரண்டையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் கணினியில் வெப்பத்தால் வேகம் குறைந்த தடவைகளைக் கெர்னல் எண்ணி வைக்கிறது:

கேட் சிபியு0/தெர்மல்_த்ராட்டில்/கோர்_த்ராட்டில்_கவுன்ட்

சோதனைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் உங்கள் கணினி சூட்டில் முட்டிக்கொண்டிருக்கிறது என்பது உறுதி. எண் ஏறவே இல்லை, வெப்பநிலையும் 80-ஐத் தாண்டவில்லை என்றால் உங்களுக்கு இந்த வேலை தேவையே இல்லை. கணினியை அதன்போக்கில் விட்டுவிடுங்கள்.

சும்மா இருக்கும்போதே 70 டிகிரிக்கு மேல் காட்டினால் கோளாறு வேறு இடத்தில். ஃபேனில் தூசி அடைத்திருக்கும், அல்லது ஹீட்சிங்குக்கு அடியிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசிக்கு இது மிகச் சாதாரணம். முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வேகத்தைக் குறைத்து அதை மறைக்கலாம், சரிசெய்ய முடியாது.

மூன்றாம் படி: டர்போவை அணைப்பது

இது ஒன்றே பலருக்குப் போதும். இன்டெல் டிரைவர் இரண்டில் எதுவானாலும்:

எக்கோ 1 | சூடோ டீ இன்டெல்_பிஸ்டேட்/நோ_டர்போ

'எக்கோ' என்பது இ, சி, எச், ஓ. 'டீ' என்பது டி ('டீக்கடை'யின் டி), இ, இ. டி-க்குப் பின் இரண்டு இ. கோப்பின் பெயரே 'டர்போ வேண்டாம்' என்பதால் 1 போட்டால் டர்போ அணையும், 0 போட்டால் திரும்ப வரும்.

'ஏசிபிஐ' டிரைவரில் இதற்கு நேர்மாறு:

எக்கோ 0 | சூடோ டீ சிபியுஃப்ரெக்/பூஸ்ட்

இங்கே 0 அணைக்கும், 1 இயக்கும். ஏஎம்டி-பிஸ்டேட்டில், பழைய கெர்னல்களில் இந்த 'பூஸ்ட்' கோப்பு இருக்காது. அவர்கள் நேரே நான்காம் படிக்குப் போய் மேல் எல்லையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'சூடோ எக்கோ 1' என்று அடித்து, அம்புக்குறி போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுப்பார்கள். அனுமதி இல்லை என்று பதில் வரும். சூடோ போட்டும் ஏன் மறுக்கிறது? அம்புக்குறியின் வேலையைச் செய்வது எக்கோ அல்ல, உங்கள் ஷெல் (நீங்கள் அடிப்பதை வாங்கி இயக்கும் நிரல்). சூடோவின் அதிகாரம் எக்கோவுக்குத்தான் போகிறது, கோப்பைத் திறக்கும் ஷெல்லுக்குப் போகவில்லை. அதனால்தான் 'டீ'யைப் பயன்படுத்துகிறோம். கோப்பைத் திறப்பது 'டீ', அதற்குச் சூடோ அதிகாரம் இருக்கிறது.

'டீ' போட்டும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வந்தால், டர்போ பயாஸிலேயே அணைந்திருக்கிறது, அல்லது அந்தப் பிராசஸருக்கு டர்போவே கிடையாது. இன்டெல் செலரான் சிலவற்றில் டர்போ இல்லை. அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

இப்போது பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓடவிட்டு மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள். வாட் எவ்வளவு இறங்கியது, வேகம் எவ்வளவு இறங்கியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், முன்னே போட்ட கணக்கு உங்கள் மேசையிலேயே கண்ணுக்குத் தெரியும்.

பக்க வடிவமைப்பு, தமிழ்த் தட்டச்சு, பிரவுசர், வீடியோ பார்ப்பது எதிலும் வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட் செய்து ஏற்றுமதி செய்பவர்களுக்கு மட்டும் நேரம் கூடும்.

நான்காம் படி: மேல் எல்லையை வைப்பது

டர்போ அணைந்தும் மத்தியானத்தில் 85 டிகிரிக்கு மேலே நிற்கிறதென்றால் எல்லையையே இறக்க வேண்டும். எல்லாக் கோர்களுக்கும் ஒரே தடவையில்:

எக்கோ 1800000 | சூடோ டீ சிபியு*/சிபியுஃப்ரெக்/ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக்

'மேக்ஸ்' என்பது எம், ஏ, எக்ஸ். நட்சத்திரம் இருப்பதால் சிபியு0, சிபியு1, சிபியு2 என்று அனைத்துக்கும் போய்ச் சேரும். நட்சத்திரத்தை மறந்து 0 மட்டும் போட்டால் ஒரு கோர் மட்டும் குறையும், மற்றவை பழையபடி கொதிக்கும். "மாற்றினேன், ஆனால் பலன் இல்லை" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எண்ணில் பூஜ்யங்களை எண்ணிப் போடுங்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து 1800 என்று மட்டும் அடித்தால் கெர்னல் அதை 1.8 மெகாஹெர்ட்ஸாக எடுத்துக்கொண்டு, தன்னால் முடிந்த மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். மவுஸ் நகர்வதற்கே யோசிக்கும். அப்படி ஆனால் பதற வேண்டாம், சரியான எண்ணை அடித்தால் அந்த நொடியே மீளும்.

எழுதியதும் வாசித்துச் சரிபாருங்கள்:

கேட் சிபியு*/சிபியுஃப்ரெக்/ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக்

நீங்கள் கொடுத்த எண்ணே திரும்பி வர வேண்டும். 'ஏசிபிஐ' டிரைவரில் இருக்கும் படிக்கட்டு வேகங்களை 'ஸ்கேலிங்_அவைலபிள்_ஃப்ரீக்வென்சீஸ்' என்ற கோப்பு பட்டியலிடும். அதிலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல்_பிஸ்டேட்டில் அந்தக் கோப்பு இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

எந்த எண் சரி? ஒரே தாவலாக இறக்காதீர்கள். உங்கள் பிராசஸரின் அடிப்படை வேகத்திலிருந்து தொடங்குங்கள். எல்எஸ்சிபியு என்று அடித்தால் வரும் மாடல் பெயரின் கடைசியில் பழைய இன்டெல் பிராசஸர்களில் அது எழுதியிருக்கும். அங்கிருந்து 200 மெகாஹெர்ட்ஸ் இறக்கி, பத்து நிமிடம் சோதித்து, வெப்பநிலையைப் பாருங்கள். மத்தியானச் சோதனையில் 80-க்கும் 85-க்கும் இடையே நின்றுவிட்டால் அதோடு நிறுத்துங்கள். அதற்குக் கீழே போவதில் பிராசஸருக்கு லாபமில்லை, உங்களுக்கு நேரம்தான் நஷ்டம்.

இன்வெர்ட்டரை மனதில் வைத்து மிகக் குறைந்த வேகத்துக்கே தள்ளிவிடலாமே என்று தோன்றும். அது எதிர்விளைவு தரலாம். வேலை முடிய இருமடங்கு நேரம் ஆனால், திரையும் ஹார்ட் டிஸ்க்கும் ரேமும் அந்த இருமடங்கு நேரமும் மின்சாரம் இழுக்கும். பிராசஸர் மிச்சப்படுத்தியதை அவை தின்றுவிடும். நடுவேகமே நல்லது.

இன்டெல்லில் சதவீதமாகச் சொல்லவும் வழி உண்டு. இன்டெல்_பிஸ்டேட் ஃபோல்டருக்குள் 'மேக்ஸ்_பெர்ஃப்_பிசிடி' என்ற கோப்பு. அதில் 50 என்று எழுதினால், டர்போ உச்சம் 4.2 கிகாஹெர்ட்ஸ் உள்ள பிராசஸர் சுமார் 2.1-இல் நிற்கும். நூறு சதவீதம் என்பது இங்கே டர்போ உச்சம், அடிப்படை வேகம் அல்ல. இந்தச் சதவீதமும் முன்னே சொன்ன மேல் எல்லையும் ஒரே நேரத்தில் இருந்தால், எது குறைவோ அதுவே செல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வராது.

ஐந்தாம் படி: கவர்னர்

கவர்னர் என்பது இரண்டு எல்லைகளுக்கு இடையே எந்த நேரத்தில் எந்த வேகம் என்று முடிவெடுக்கும் பகுதி. இணையத்தில் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். சூட்டைக் குறைப்பதில் இதன் பங்கு டர்போவையும் மேல் எல்லையையும் விடக் குறைவு என்பது எங்கள் கருத்து. முழு வேலை நடக்கும்போது எந்த நல்ல கவர்னரும் உச்சத்துக்குத்தான் போகும். உச்சம் எது என்பதை நிர்ணயித்தது முந்தைய இரண்டு படிகள்.

கேட் சிபியு0/சிபியுஃப்ரெக்/ஸ்கேலிங்_அவைலபிள்_கவர்னர்ஸ்

இன்டெல்_பிஸ்டேட்டிலும் 'ஈபிபி' சேர்ந்த ஏஎம்டி-பிஸ்டேட்டிலும் 'பெர்ஃபார்மன்ஸ்', 'பவர்சேவ்' இரண்டு மட்டும் வரும். மற்ற டிரைவர்களில் 'ஸ்கெட்யூட்டில்', 'ஆன்டிமாண்ட்', 'கன்சர்வேட்டிவ்', 'யூசர்ஸ்பேஸ்' என்று நீளும்.

முதலில் டிரைவரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். 'ஏசிபிஐ' டிரைவரில் 'பவர்சேவ்' என்று வைத்தால் வேகம் கீழ் எல்லையிலேயே ஆணியடித்தாற்போல் நின்றுவிடும், என்ன வேலை கொடுத்தாலும் ஏறாது. இன்டெல்_பிஸ்டேட்டில் அதே 'பவர்சேவ்' தேவைக்கேற்ப ஏறி இறங்கும் சாதாரண நிலை, உபுண்டுவில் பெரும்பாலும் அதுவே இயல்பாக இருக்கும். ஒருவருக்கு நன்றாக வேலை செய்த கட்டளை இன்னொருவர் கணினியை ஆமையாக்குவது இப்படித்தான். 'ஏசிபிஐ' அல்லது 'இன்டெல்_சிபியுஃப்ரெக்' என்றால் 'ஸ்கெட்யூட்டில்' வையுங்கள். அது கெர்னல் 4.7 முதல் இருக்கிறது, எந்த கோருக்கு எவ்வளவு வேலை என்று ஷெட்யூலருக்கு (வேலைகளைக் கோர்களுக்குப் பங்கிடும் கெர்னல் பகுதி) தெரிந்ததை வைத்து முடிவெடுக்கும்.

எக்கோ ஸ்கெட்யூட்டில் | சூடோ டீ சிபியு*/சிபியுஃப்ரெக்/ஸ்கேலிங்_கவர்னர்

எழுத்து: எஸ், சி, எச், இ, டி, யு, டி, ஐ, எல். நான்காவதான இ-யை அடுத்து வருவது 'டெல்லி'யின் டி, யு-வை அடுத்து வருவது 'டீக்கடை'யின் டி.

புதிய இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் 'எனர்ஜி_பெர்ஃபார்மன்ஸ்_பிரிஃபரன்ஸ்' என்று இன்னொரு கோப்பு அதே ஃபோல்டரில் இருக்கும். வேகமா, சிக்கனமா எது முக்கியம் என்று பிராசஸருக்குச் சொல்லும் கோப்பு இது. 'பேலன்ஸ்_பவர்' என்று எழுதினால் டர்போவுக்குத் தாவுவதில் நிதானம் காட்டும். அதற்குமுன் கவர்னர் 'பவர்சேவ்' ஆக இருக்க வேண்டும். 'பெர்ஃபார்மன்ஸ்' கவர்னர் இருக்கும்போது எழுதினால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று மறுக்கும்.

ஒரே கட்டளையில் செய்ய: சிபியுபவர்

நட்சத்திரமும் டீயும் வேண்டாம் என்பவர்களுக்கு 'சிபியுபவர்' இருக்கிறது. இரண்டாம் படியில் போட்ட லினக்ஸ்-டூல்ஸோடு அதுவும் வந்திருக்கும். டெபியனில் 'லினக்ஸ்-சிபியுபவர்' என்ற பெயரில் தனியாகப் போட வேண்டும்.

சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ

என்று அடித்தால் டிரைவர், எல்லைகள், கவர்னர், டர்போ நிலை அனைத்தும் ஒரே பக்கத்தில் வரும். மேல் எல்லை வைக்க:

சூடோ சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-செட் -யு 1800மெகாஹெர்ட்ஸ்

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. அலகு அடிக்கும்போது எம், எச், இசட் மூன்றில் எம், எச் இரண்டும் பேரெழுத்து. இந்த வழிகாட்டியில் பேரெழுத்து வரும் இடம் இது ஒன்றே. கீழ் எல்லைக்கு '-டி' ('டெல்லி'யின் டி), கவர்னருக்கு '-ஜி'.

உபுண்டுவில் இந்தக் கெர்னலுக்கு சிபியுபவர் இல்லை என்று எச்சரிக்கை வந்தால், கெர்னல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, கருவி பழையது. இதைப் போடுங்கள்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-டூல்ஸ்-$(யூநேம் -ஆர்)

'யூநேம்' என்பது யு, என், ஏ, எம், இ. டாலரும் அடைப்புக்குறியும் சேர்ந்து, இப்போது ஓடும் கெர்னலின் எண்ணை அந்த இடத்தில் நிரப்பிவிடும்.

ஆறாம் படி: ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிலைக்க

நாலைந்து நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு கோப்பு போதும்:

சூடோ நானோ /இடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி/வேகம்.கான்ஃப்

'இடிசி'யின் நடு எழுத்தும் 'டிஎம்பிஃபைல்ஸ்' என்பதன் முதல் எழுத்தும் 'டீக்கடை'யின் டி, புள்ளிக்குப் பின் வருவது 'டெல்லி'யின் டி. 'வேகம்' என்பதை உங்கள் விருப்பப்படி ஆங்கிலத்தில் எழுதலாம், 'கான்ஃப்' மட்டும் சி, ஓ, என், எஃப் என்றே முடிய வேண்டும். உள்ளே ஒரு வரி:

டபிள்யூ /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/இன்டெல்_பிஸ்டேட்/நோ_டர்போ - - - - 1

முதலில் டபிள்யூ என்ற ஒற்றை எழுத்து, இடைவெளி, முழு முகவரி, பிறகு நான்கு ஹைஃபன்கள் இடைவெளி விட்டு விட்டு, கடைசியில் எழுத வேண்டிய மதிப்பு. ஹைஃபன் மூன்றோ ஐந்தோ ஆனால் வேலை செய்யாது. மேல் எல்லையும் வேண்டுமென்றால் அடுத்த வரியில் அதன் முழு முகவரியை நட்சத்திரத்தோடு எழுதி, நான்கு ஹைஃபனுக்குப் பின் 1800000 போடுங்கள்.

கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். ரீஸ்டார்ட் செய்யாமலே சோதிக்க:

சூடோ சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ் --க்ரியேட் /இடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி/வேகம்.கான்ஃப்

எதுவும் சொல்லாமல் முடிந்தால் சரியாக இருக்கிறது. இனி வேண்டாம் என்றால் அந்தக் கோப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் போதும், சுவடே இருக்காது.

மாற்றியும் திரும்பத் திரும்பப் பழையபடி ஆனால்

பெரும்பாலும் வேறு ஒரு நிரல் உங்கள் மதிப்பின்மேல் எழுதுகிறது. உபுண்டு 22.04-இல் 'பவர்-புரொஃபைல்ஸ்-டீமன்' இயல்பாகவே ஓடும். திரையின் மேல் மூலையில் சிக்கனம், சமநிலை என்று தேர்ந்தெடுக்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இதுதான். கவர்னரையும் ஆற்றல் விருப்பத்தையும் இது தன் கணக்குப்படி மாற்றும். அதனால் அவ்விரண்டையும் இதன் வழியாகவே சொல்லிவிடுவது சுலபம்:

பவர்புரொஃபைல்ஸ்சிடிஎல் செட் பவர்-சேவர்

லேப்டாப்பில் 'டிஎல்பி' என்ற மின்சிக்கன நிரலைப் போட்டிருந்தால், அது சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் மதிப்புகளை மாற்றி எழுதும். டிஎல்பியையும் பவர்-புரொஃபைல்ஸ்-டீமனையும் ஒரே கணினியில் ஓடவிடாதீர்கள். ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும். டிஎல்பி வைத்திருப்பவர்கள் மேல் எல்லையையும் டர்போவையும் அதன் கான்ஃப் கோப்பிலேயே எழுதலாம். அதில் கரண்டில் ஓடும்போது ஒரு மதிப்பு, பேட்டரியில் ஓடும்போது இன்னொரு மதிப்பு என்று பிரித்து வைக்க முடிவது பெரிய வசதி. அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை டிஎல்பிதான்.

விண்டோஸ் கணினி என்றால்

கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து:

பவர்சிஎஃப்ஜி /செட்ஏசிவேல்யூஇண்டெக்ஸ் ஸ்கீம்_கரண்ட் சப்_பிராசஸர் ப்ராக்த்ராட்டில்மேக்ஸ் 99

பவர்சிஎஃப்ஜி /செட்ஆக்டிவ் ஸ்கீம்_கரண்ட்

நூற்றுக்குப் பதில் 99 என்று வைப்பதாலேயே பல கணினிகளில் டர்போ நின்றுவிடும். பேட்டரிக்கு 'ஏசி' இருக்கும் இடத்தில் 'டிசி' போடுங்கள். இரண்டாவது வரியை அடிக்காவிட்டால் முதல் வரி நடைமுறைக்கு வராது.

வேகம் ஏறவே மறுத்தால்

எதையும் குறைக்காமலே கணினி 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. மேல் எல்லை சரியாக இருக்கும், கவர்னர் சரியாக இருக்கும், வெப்பநிலையும் 50-க்குள் இருக்கும். ஆனால் டர்போஸ்டேட்டில் வேகம் ஏறாது. இதற்குக் கட்டளையில் தீர்வு தேட வேண்டாம், சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டாப்புகள் சார்ஜரின் நடு ஊசி வழியே அதன் வாட் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஊசி உடைந்திருந்தாலோ, சந்தையில் வாங்கிய மாற்றுச் சார்ஜர் பதில் சொல்லாவிட்டாலோ, மின்சாரம் போதாது என்று கருதிப் பிராசஸரைக் கீழ் வேகத்திலேயே கட்டிப்போடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் குற்றவாளி சார்ஜர். ஏறாவிட்டால் முழுக்க அணைத்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மதர்போர்டில் உள்ள வெப்ப உணரியைச் சர்வீஸ் கடையில் காட்ட வேண்டும்.